எரிக்காமல் விட்ட துண்டு

தீ வைத்தால் வழக்குப் போடுகிற வன இலாகாக் கந்தோர் அது. அங்கிருந்து ஒரு நாள் ஆள் வந்து, தீ வைக்கத் தெரிந்த ஒருவர் தேவை, வர ஏலுமா என்று கேட்டார். பிடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். அதற்கு முந்திய வருடம் வட்டையில் அறுவடை முடிந்து, வயலில் கிடந்த வைக்கோலுக்கு நெருப்பு வைத்தேன். காற்று மாறிவிட்டது. பக்கத்துக் காட்டு ஓரம் கொஞ்சம் கருகியது. அந்தக் கந்தோரில்தான் என்னைச் சுவரோரத்து மர வாங்கில் இருத்தி, இனிச் செய்யமாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். இந்த முறை அதே வாங்கில் இருத்தி தேத்தண்ணி தந்தார்கள்.

மேசைக்குப் பின்னால் ஒரு மிஸ் இருந்தார். காரைதீவுப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. என் மகளின் வயது இருக்கும். குளத்தின் படத்தை மேசையில் விரித்து ஒரு இடத்தில் விரல் வைத்தார். அண்ணன் என்பதற்கு எங்கள் ஆட்கள் சொல்கிற மாதிரியே என்னைக் காக்கா என்றார்.

"காக்கா, இந்தத் தீவு தெரியுமா?"

"தெரியும். குளத்துக்கு நடுவுல இரிக்கி. மீனுக்குப் போற ஆக்கள் வல காயப்போடுற இடம்."

"அத எரிக்கணும்."

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். பகிடி மாதிரித் தெரியவில்லை.

"என்னத்துக்கு மிஸ்?"

"காப்பாத்துறதுக்கு."

எனக்கு விளங்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மிஸ் மெதுவாகச் சொன்னார். முன்பு அந்தத் தீவில் கணுக்கால் உயரத்துக்குத்தான் புல் இருந்ததாம். தரையில் முட்டையிடுகிற பறவைகள் அதில்தான் வந்து இருக்குமாம். யாரோ மாட்டுக்கு என்று கினியாப் புல்லைக் கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள். அது ஆள் உயரத்துக்கு எழும்பி எல்லாவற்றையும் மூடிவிட்டது. பறவை வருவதில்லை. வெட்டினால் இன்னும் தழைக்கிறது. மழைக்குக் கொஞ்சம் முன்னால் எரித்து, மழைக்குப் பிறகு முளைக்கிற கினியாவைக் கையால் பிடுங்கினால், மண்ணுக்குள் கிடக்கிற பழைய புல்லின் விதைக்கு வெயில் படும். அது எழும்பும்.

"நீங்க வயலுக்கு நெருப்பு வைக்கிறத நான் பாத்திருக்கன். ஒங்களுக்குக் கை இருக்கு காக்கா. புத்திதான் கொஞ்சம் மாத்தணும்."

சரி என்றேன்.

அந்தத் தீவுக்குப் போவதென்றால் சம்மாந்துறைக்கு மேற்கே உழவு யந்திரத்தில் ஒரு மணித்தியாலம் போகவேண்டும். பிறகு குளத்தில் எஞ்சின் பூட்டிய தோணியில் ஒரு மணித்தியாலம். அங்கே யாரும் இல்லை. சில நேரம் யானை நீந்தி வந்து போகும். தோணி ஒரு மீன்காரருடையது. எனக்கு மச்சான் முறை. வாய் சும்மா இருக்காது.

"கையெழுத்து வாங்கின கந்தோரே நெருப்புப்பெட்டி தருது ஒனக்கு," என்றார் முதல் நாள் போகும்போது. "மறுமைக்கு முந்தி நடக்கிறதெல்லாம் இப்ப நடக்குது மச்சான்."

மிஸ் தீவை மூன்று துண்டாகப் பிரித்தார். இரண்டு பக்கமும் எரிக்கிறது. நடுத் துண்டை எரிக்காமல் விடுகிறது. எரித்த இடமும் எரிக்காத இடமும் எப்படி வருகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். எரிக்கிற துண்டுகளுக்கு நாலு மூலையிலும் சிவப்பு நாடா கட்டினோம். அதோடு நாடா முடிந்துவிட்டது.

"நடுத் துண்டுக்கு நாளைக்கு ஏதாவது கொண்டாந்து கட்டுங்க காக்கா. சிவப்பில்லாம எதுவும் பரவாயில்ல."

வீட்டில் பெண்சாதி ஒரு பழைய யன்னல் சீலையைக் கழற்றித் தந்தாள். பச்சை நிறம். கரையில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. அதை நீளமான ஒரு கம்பில் கட்டி, நடுத் துண்டில் மேடான இடத்தில் நட்டேன். மண் இறுகிக் கிடந்தது. கம்பு இறங்கவில்லை. அந்த நாட்களில் மேற்கே இருந்து கச்சான் காற்று அடிக்கும். கம்பு விழாமல் இருக்க, கரையில் கிடந்த கல்லைப் பொறுக்கி வந்து, காற்றுக்குக் குறுக்கே வடக்குத் தெற்காக நீட்டி அடுக்கினேன். அடுக்கி முடித்தபோது என் உடம்பு நீளம் வந்தது.

பச்சைச் சீலை. கபுறுக்குழி மாதிரி வடக்குத் தெற்காகக் கல்லு. ஐம்பத்தாறு வருடமாக மையவாடிக்கு ஜனாஸா தூக்கிப் போய் அடக்கிவிட்டு வருகிற ஊரில் இருந்தவன் நான். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஐந்து நாளாகத் துண்டுகளுக்கு இடையில் எட்டடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கினோம். ஆறாம் நாள் எரித்தோம். முதுகில் மருந்தடிக்கிற டாங்கியில் தண்ணீர். கையில் நனைத்த சாக்கு. மிஸ் என்னிடம் கேத்தல் மாதிரி ஒரு சாமானைத் தந்தார். அதன் மூக்கால் நெருப்புச் சொட்டும். நான் அதைக் கொண்டு காற்று வருகிற மேற்குப் பக்கம் போனேன். வயலில் அப்படித்தான். காற்றோடு விட்டால் கண் மூடித் திறக்க முடிந்துவிடும்.

"காக்கா, அங்கால இல்ல. இங்கால."

"இது காத்துக்கு எதிரே மிஸ். எரியாது."

"எரியும். பொறுமை வேணும்."

கிழக்கு ஓரத்தில் வைத்தேன். நெருப்பு காற்றுக்கு முகம் கொடுத்து, பின்னங்காலால் நடக்கிற மாதிரி மெல்ல மெல்லப் போனது. முழங்கால் உயரம்தான். பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஆமை ஒன்று அதற்கு முன்னால் நடந்து தண்ணீருக்குள் போனது. ஓடவில்லை, நடந்துதான் போனது. முப்பது வருடமாக நெருப்பு வைக்கிறேன். நெருப்புக்கு முன்னால் ஒரு உயிர் நடந்து போவதை அன்றுதான் கண்டேன்.

பின்னேரம் தோணியில் திரும்பும்போது பார்த்தோம். இரண்டு பக்கமும் கரி. நடுவில் மட்டும் பச்சை. அதற்கு மேலே எங்கள் வீட்டு யன்னல் சீலை ஆடிக்கொண்டிருந்தது. மச்சான் எஞ்சினை நிறுத்திவிட்டு போனில் படம் எடுத்தார். நான் தடுக்கவில்லை. ஏன் தடுக்க வேண்டும்?

அந்தப் படம் எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள். தீவு முழுக்க எரிந்ததாம். பச்சைக் கொடி பறக்கிற இடத்தில் அவுலியா ஒருவர், இறைநேசர், அடங்கியிருக்கிறாராம், அந்த இடத்தைத் தீ தொடவில்லையாம்.

மழை பெய்து, முளைத்த கினியாவைப் பிடுங்க நாங்கள் திரும்பப் போன நேரம், கல்லுக்குப் பக்கத்தில் சந்தனக்குச்சி சாம்பல் கிடந்தது. கல் என் உடம்பு நீளத்தை விடக் கூடி இருந்தது. அடுத்த முறை போக இன்னும் கூடி இருந்தது. வருகிற ஆள் ஆளுக்கு ஒரு கல் வைத்துவிட்டுப் போகிறார்கள். மிஸ் அந்த மாரி முழுக்க வேறு இடத்தில் வேலையாக இருந்தார். கேட்க ஆள் இல்லை.

கரையில் மீன் நிறுக்கிற இடத்தில் வைத்து நான் மச்சானிடம் சொன்னேன்.

"அது அவுலியா இல்ல. கல்லு நான் அடுக்கின. நீயும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தாய்?"

"ஓம், பாத்த."

"கொடி எங்கட யன்னல் சீல."

"ஓம். நீதான் கட்டின."

"அப்ப?"

"அந்த இடத்துல கட்டச் சொல்லி ஆரு சொன்ன?"

"மிஸ்."

"மிஸ்ஸுக்கு ஆரு சொன்ன?"

"அவ படத்தப் பாத்துக் கோடு போட்டா."

"கோடு அங்கால போட்டிருக்கலாம், இங்கால போட்டிருக்கலாம். ஏன் அந்த இடத்துல போட்டா?"

மீன் நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்களா, அவரைப் பார்த்துச் சிரித்தார்களா தெரியவில்லை. மச்சான் என் தோளில் தட்டினார்.

"அவுலியா இப்ப எட்டு முழம் வந்திட்டார் மச்சான். நீ நிப்பாட்டப் போனா ஒன்னையும் சேத்து அடுக்கிருவாங்க."

அக்காவை நாங்கள் ராத்தா என்போம். ராத்தா என்னை விட நாலு வயது மூப்பு. எங்களுக்கு உம்மா வாப்பா மௌத்தான பிறகு அவதான் எல்லாம். அவவுக்கு ஒரே மகள். கலியாணம் முடித்து ஆறு வருடம். இரண்டு தரம் பிள்ளை உண்டாகி, இரண்டு தரமும் ஆறாம் மாதத்தில் இல்லாமல் போனது. இரண்டையும் நான்தான் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் அடக்கினேன். கையில் பாரம் இல்லை. அதுதான் ஞாபகம்.

மாரி மழை ஓய்ந்த ஒரு காலை ராத்தா வந்தா.

"தம்பி, என்னத் தீவுக்குக் கூட்டிப் போ."

அந்த நேரம் சொல்லியிருக்க வேண்டும். கொண்டுபோனேன். அவ கல்லுக்குப் பக்கத்தில் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு நின்றா. உதடு மட்டும் அசைந்தது. பிறகு கையில் கிடந்த கண்ணாடிக் காப்பு ஒன்றைக் கழற்றிக் கல்லுக்கு இடையில் வைத்தா. மகளுடைய காப்பு. பிள்ளை உயிரோடு கிடைத்தால் இந்த இடத்துக்குச் சோறு கொண்டுவருகிறேன் என்று நேர்ந்ததாக வரும் வழியில் சொன்னா. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் ராத்தாவின் மகளுக்கு நாள் தள்ளிப்போனது.

வெயில் காலம் வந்தது. எரித்த துண்டுகளில் கினியா அவிந்துவிட்டது. பழைய புல் வந்திருந்தது. கணுக்காலுக்குத்தான், மிஸ் சொன்ன மாதிரியே. ஆள்காட்டிக் குருவி வந்து வெறுந்தரையில் முட்டை வைத்திருந்தது. நான் முன்பு ஆள்காட்டியைக் கண்டால் கல்லெறிகிறவன். வயலில் அது கத்துகிற கத்து அப்படி. அங்கே அதை மிதிக்காமல் இருக்கக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தேன். மிஸ் திரும்பி வந்திருந்தார். கொப்பியில் முட்டைகளை எழுதிக்கொண்டே நடுத் துண்டுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"காக்கா, இதுக்குள்ள ஆரு?"

"ஒருத்தரும் இல்ல மிஸ். இது நீங்க கட்டச் சொன்னது."

"நான் சீலதானே கட்டச் சொன்ன?"

நடந்ததைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எங்கட பக்கத்தில் என்றால் இந்நேரம் கோயிலே கட்டி முடிந்திருக்கும் என்றார். பிறகு கல்லுக்கு இடையில் குனிந்து பார்த்தார். காப்பு, மடித்த கடதாசி, ஒரு சின்னப் பிள்ளையின் சப்பாத்து. சிரிப்பு நின்றுவிட்டது.

"இப்ப நான் மேலிடத்துக்கு என்ன எழுதுற?"

நடுத் துண்டையும் எரிக்கத்தான் அந்த முறை வந்திருந்தார். அதில் நிற்கிற கினியா பூத்து, விதை இரண்டு பக்கமும் விழுகிறதாம். அப்படியே விட்டால் அடுத்த வருடம் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மழைக்கு ஒரு கிழமைதான் இருக்கிறது.

"ஒங்களுக்கு ஏலாது எண்டா நான் குறை நினைக்கமாட்டன் காக்கா. கரும்பு எரிக்கிற ஆக்கள் இருக்காங்க. அவங்களக் கூப்பிடச் சொல்லுவாங்க."

கரும்பு எரிக்கிறவர்களை எனக்குத் தெரியும். காற்றோடு வைத்துவிட்டு ரோட்டில் நின்று பார்ப்பார்கள். அந்த நெருப்பு எட்டடிக் கோட்டைப் பாயும். பழைய புல்லும் போகும். பிந்திப் பொரித்த குஞ்சுகளும் போகும்.

இரண்டு நாள் தாருங்கள் என்றேன்.

ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் பாயில் இருந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தா. மகளுடைய பேறுகாலத்துக்குக் காய மருந்து அரைக்கச் சாமான் துப்புரவு நடக்கிறது. மிளகு, மஞ்சள், சுக்கு எல்லாம் சுளகில் கிடந்தது. மகளுக்கு எட்டாம் மாதம். உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள்.

"ராத்தா, தீவுல இரிக்கிறது அவுலியா இல்ல."

"ம்."

"கல்லு நான் அடுக்கின. கொடியும் எங்கட யன்னல் சீலதான்."

"தெரியும்."

சுளகுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"வெள்ளப் பூக் கரை. பெருநாளைக்கு ஒம் பொண்டாட்டிக்கு நான்தானே வாங்கிக் குடுத்த. கண்ட ஒடனே தெரிஞ்சிட்டு."

"தெரிஞ்சிட்டா? அப்ப என்னத்துக்கு அந்த இடத்துல நேர்ந்த?"

"சுத்திக் கரிக்கட்ட. அந்த இடம் மட்டும் பச்ச. எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேணாம்."

"அது எரியாம நாங்க கோடு வெட்டி வெச்ச ராத்தா."

"வெட்டுங்க. நான் ஒன்னுக்கிட்டயும் கேக்கல்ல, ஒண்ட கல்லுக்கிட்டயும் கேக்கல்ல. அல்லாஹ்க்கிட்டக் கேட்ட. அந்த இடத்துல நிண்டு கேட்ட. அவ்வளவுதான்."

"அத எரிக்கப் போறம். இந்தக் கிழமை."

உள்ளி உரித்த கை நின்றது.

"புள்ள பொறக்கும் மட்டும் வை."

"மழ வந்திரும்."

"நெருப்புக்கு அடுத்த வருசம் இரிக்கி தம்பி. அவளுக்கு இல்ல. இதுவும் போனா அவ எழும்பமாட்டா."

உள்ளே இருந்து மகள் சத்தம் போட்டாள். "ரெண்டு பேரும் என்ட வயித்தப் பத்தித்தான் கதைக்கிறீங்க எண்டா எனக்கும் கேக்கிற மாதிரிக் கதைங்க."

"நீ படு புள்ள. உள்ளி வெலயப் பத்திக் கதைக்கிறம்," என்றா ராத்தா. பிறகு சத்தத்தைக் குறைத்தா. "எரிச்சாய் எண்டா என்ட வாசலுக்கு வராத."

வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கடற்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். கல்லு என்னுடையது. சீலை என்னுடையது. அதற்குள் ஒன்றும் இல்லை என்று உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்படி இருந்தும் பயம் வந்தது. எரித்த பிறகு அந்தப் பிள்ளைக்கு ஏதும் ஆனால், ஆனதற்கும் நெருப்புக்கும் தொடர்பு இல்லை என்று நானே எனக்குச் சொல்ல முடியுமா? முடியாது என்றுதான் பட்டது. எரிக்காமல் விட்டால் கரும்புக்காரர்கள் எரிப்பார்கள். அப்போதும் எரிகிறதுதான். ராத்தாவின் வாசல் மட்டும் எனக்கு மிஞ்சும்.

அந்த வாசலுக்காகக் குஞ்சுகளைக் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்று ஒரு நேரம் நினைத்தேன். இன்னொரு நேரம் அந்த ஆமை ஞாபகம் வந்தது. ஒன்றும் விளங்கவில்லை. வியாழக்கிழமை காலை மிஸ்ஸுக்குப் போன் எடுத்து, நானே வருகிறேன் என்றேன்.

மச்சான் தோணி தரமாட்டார் என்று நினைத்தேன். தந்தார். தானும் ஏறினார்.

"நீ எரிக்கிறதப் பாக்க வாறன். எரியுதா எண்டும் பாக்க வாறன்."

முதலில் சீலையை அவிழ்த்தேன். வெயிலில் வெளிறி, கரை கிழிந்திருந்தது. பிறகு கல்லை எடுக்கத் தொடங்கினேன். மச்சான் கொஞ்ச நேரம் தள்ளி நின்றார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, கல்லுக்கு ஒரு ஸலாம் சொல்லிவிட்டு மற்றப் பக்கத்தால் எடுக்க வந்தார். கல்லுக்கு இடையில் எல்லாம் சாமான். காப்புகள். யாருடைய வீட்டுப் பூட்டுக்கோ ஒரு திறப்பு. பாஸ்போட்டுக்கு எடுக்கிற படம், ஒரு இளந்தாரியுடையது. பொலித்தீனில் சுற்றிய, டொக்டர் எழுதின மருந்துத் துண்டு. மிஸ் கண்ட அந்தச் சப்பாத்து. ஒவ்வொன்றாக உரப்பைக்குள் போட்டேன். எரிக்க மனம் வரவில்லை. அடியில் நான் வைத்த கல் வந்தது. அதற்கும் அடியில் எறும்புப் புற்று. வேறு ஒன்றும் இல்லை.

"பாத்தியா?" என்றேன்.

"பாத்த," என்றார் மச்சான். "வாப்பாட கபுற இப்பத் தோண்டினாலும் ஒண்டும் இரிக்காது மச்சான்."

நான் உரப்பையின் வாயைக் கட்டினேன்.

கிழக்கு ஓரத்தில் நெருப்பு வைத்தேன். காற்றுக்கு எதிரே. இந்த முறை மேட்டைச் சுற்றிக் கோடு வெட்டவில்லை. வெட்ட வேண்டும் என்று மிஸ் சொல்லவும் இல்லை. நெருப்பு மெல்ல நடந்து மேட்டுக்கு வந்தது. வந்து இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி இந்தப் பக்கத்தாலும் மறு பாதி அந்தப் பக்கத்தாலும் சுற்றிப் போய், மேற்கே சேர்ந்துகொண்டது. மேடு அப்படியே நின்றது.

காரணம் எனக்குத் தெரியும். ஒரு வருடமாக ஆட்கள் வந்து மிதித்த இடம். அங்கே ஒரு முழம் புல்லும் இல்லை. புல் இல்லாத இடத்தில் நெருப்புக்கு வேலை இல்லை. எந்த வயல்காரனும் சொல்லுவான். தெரிந்துகொண்டும் நான் கேத்தலைக் கையில் பிடித்தபடி நெடுநேரம் நின்றேன். மச்சான் பக்கத்தில் வந்து நின்றார். அன்றைக்கு மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. போனையும் எடுக்கவில்லை.

தீவில் போன் வேலை செய்யாது. கரைக்கு வந்ததும் பெண்சாதியின் அழைப்புகள் விழுந்து கிடந்தன. ராத்தாவின் மகளுக்குப் பகலே நோவு வந்து கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாள் இருக்கிறது, இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. எத்தனை மணிக்கு நோவு என்று கேட்டேன். பெண்சாதி சொன்ன நேரம், நான் சீலையை அவிழ்த்த நேரமா, நெருப்பு வைத்த நேரமா என்று கணக்குப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று தெரியும். பார்த்தேன். சரியாக வரவும் இல்லை, வராமலும் இல்லை.

குளிக்காமல், உடுப்பு மாற்றாமல் போனேன். சீலையும் உரப்பையும் சைக்கிளில் கிடந்தன. ராத்தா பிரசவ வார்டுக்கு வெளியே வாங்கில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு இருந்தா. நான் தூரத்தில் நின்றேன். என் மேலில் புகை மணம். அவ மூக்கைச் சுளித்து நிமிர்ந்து பார்த்தா.

"என்னத்துக்கு அங்க நிக்கிறாய்?"

"நீதானே வரவேணாம் எண்ட."

"அது என்ட வாசலுக்கு. இது ஆஸ்பத்திரி. வா."

போய் வாங்கின் மற்ற முனையில் இருந்தேன்.

"பொம்புளப் புள்ள," என்றா. "சின்னன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்காங்க. அழுவுது. டொக்டர் பயமில்ல எண்டார்."

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ராத்தா இன்னும் நாலைந்து மணியை உருட்டினா.

"எரிச்சிட்டாயா?"

"ஓம்."

"எல்லாத்தையுமா?"

"அந்த மேடு எரியல்ல. புல்லு இல்ல. ஆக்கள் மிதிச்ச இடம். அதான்."

ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தா. நெடுநேரம் பார்த்தா.

"புல்லு இல்லையாம்," என்றா.

சிரித்தாவா, ஏசினாவா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. கையைப் பிடித்து உள்ளங்கையில் ஒட்டியிருந்த கரியைத் தன் முக்காட்டு முனையால் துடைத்துவிட்டா. "இந்தக் கையோட புள்ளயத் தொடாத."

பிள்ளை பதினெட்டு நாள் பெட்டிக்குள் இருந்து வீட்டுக்கு வந்தது.

அடுத்த வெயில் காலம், பிள்ளை தவழத் தொடங்கிய பிறகு, ராத்தா நேர்ச்சைச் சோறு ஆக்கினா. நெய்ச்சோறு, மாட்டிறைச்சி. சட்டியைத் தோணியில் ஏற்றினோம். மச்சான் ஓட்டினார். கொடியும் இல்லை, கல்லும் அங்கங்கே சிதறிக் கிடக்கிறது, எந்த இடம் என்று எப்படிக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டு போனேன். காட்டத் தேவைப்படவில்லை. தீவு முழுக்கச் சின்னப் புல். நடுவில் அந்த மேடு வெறுமையாகத் தெரிந்தது. நாங்கள் கரையில் கால் வைத்ததுமே ஆள்காட்டி ஒன்று மேட்டில் இருந்து எழும்பித் தலைக்கு மேல் கத்திக் கத்திப் பறந்தது. இன்னும் இரண்டு எட்டு வைத்தோம். முகத்தில் இடிக்கிற மாதிரி இறங்கியது.

"என்னத்துக்கு இது இப்பிடிக் கத்துது?" என்றா ராத்தா.

"முட்ட இரிக்கி. கல்லுக்கு இடையில வெச்சிரிக்கும்."

"அந்தக் கல்லுக்கு இடையிலயா?"

"ஓம். நான் பிரிச்சுப் போட்ட கல்லு."

அவ நின்றுவிட்டா. பறவையைப் பார்த்தா, மேட்டைப் பார்த்தா. பிறகு திரும்பி நடந்தா.

"ராத்தா, நேர்ச்ச?"

"அவளுக்கும் நாள் கிட்ட போல. விடு."

சோறு திரும்பக் கரைக்கு வந்தது. மீன் நிறுக்கிற இடத்தில் எல்லோருக்கும் பகிர்ந்தோம். மிஸ்ஸும் வந்து மரத்தடியில் இருந்து சாப்பிட்டார், இறைச்சியை ஒதுக்கிவிட்டு. கரையில் நின்றவர்கள் துஆ ஓதினார்கள். யாருக்காக ஓதினார்கள் என்று நான் கேட்கவில்லை. நானும் கை ஏந்தினேன்.

உரப்பை இன்னும் என் வீட்டில் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. யாருடைய திறப்பு, யாருடைய சப்பாத்து என்று தெரியாது. ராத்தாவின் காப்பை மட்டும் கொடுத்துவிட்டேன். சீலையைப் பெண்சாதி கழுவி, கிழிந்த கரையை மடித்துத் தைத்து, பழைய யன்னலிலேயே போட்டுவிட்டாள். மூன்று தரம் கழுவிவிட்டாள். கச்சான் அடிக்கிற நாட்களில் அதில் புகை மணக்கிறது.